தினம் ஒரு டியூனா டின் சாப்பிடலாமா? பேரணாம்பட்டு அம்மாவுக்குப் பதில்

அடுத்த கேள்வி பேரணாம்பட்டுல இருந்து ஒரு அம்மா அனுப்பினது. அப்படியே படிக்கிறேன், ஏன்னா கேட்ட விதமே நல்லா இருக்கு. "பெரியவன் துபாய்ல இருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டி டியூனா டின் கொண்டு வந்தான். சின்னவன் ஜிம்முக்குப் போறான், 60 கிலோ இருக்கான், புரோட்டீன் வேணும்னு தினம் ஒரு டின் காலி பண்றான். இதே சூரை மீனை நான் குழம்பு வச்சா மூக்கைப் பொத்திக்கிறான். தினம் சாப்பிடலாமா? மருமகளுக்கு 6 மாசம், அவளுக்கும் குடுக்கலாமா?"

மூக்கைப் பொத்துற தம்பிக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுவோம். டியூனாங்கிறது சூரைதான்பா. ரத்தம் ஜாஸ்தி, கவிச்சின்னு நம்ம ஊர்ல ஒதுக்குற அதே மீன். மாசிக் கருவாடுன்னு இடிச்சு சம்பல்ல போடுறோமே, அதுவும் அதோட வகைதான்.

சரி, தினம் சாப்பிடலாமா? தினம் வேணாம். வாரத்துக்கு ரெண்டு டின் போதும். அதுவும் டின்ல எந்தச் சூரைங்கிறதைப் பொறுத்து மாறும். நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு தெரியும்: மீனோட சைஸைப் பாருங்க, வயசைப் பாருங்க. வஞ்சரத்துக்கும் சுறாவுக்கும் சொன்னதுதான் இங்கேயும். கடல்ல இருக்கிற பாதரசம் நுண்ணுயிர்கள் வழியா மெத்தில் மெர்க்குரியா மாறுது. அது சின்ன மீனுக்குள்ள போகுது, சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனுக்குள்ள இன்னும் கூடுதலா சேருது. அதிக வருஷம் வாழ்ந்த மீன்ல அதிகமா சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால டின்னைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. 'ஸ்கிப்ஜாக்'னோ 'கட்சுவோனஸ் பெலாமிஸ்'னோ இருந்தா அது வரிச்சூரை, கூட்டத்துல சின்னது. 'அல்பகோர்', 'தன்னஸ் அலலுங்கா'ன்னு இருந்தா அது பெரிய வகை. முன்பக்கம் 'வெள்ளை இறைச்சி'ன்னு போட்டிருக்கிறதை நம்பி முடிவு பண்ணாதீங்க. அமெரிக்காவுல வெள்ளைன்னு எழுதணும்னா உள்ளே அல்பகோர்தான் இருக்கணும், அது சட்டம். எல்லா நாட்டு டின்னுக்கும் அந்தச் சட்டம் கிடையாது. மீன் பேரு பின்னாடி இருக்கும், அதைப் பாருங்க.

இப்போ கணக்கு. பேப்பர் எடுத்துக்கோங்க. அமெரிக்க அரசு சோதனைகள்ல 'லைட்' டியூனா (பெரும்பாலும் அந்த வரிச்சூரைதான்) டின்ல சராசரி பாதரசம் ஒரு கிராமுக்கு 0.126 மைக்ரோகிராம், அல்பகோர்ல 0.35. 185 கிராம் டின்னை வடிச்சா சுமார் 130 கிராம் மீன் நிக்கும். அப்போ லைட் டின் ஒண்ணுல 16 மைக்ரோகிராம், அல்பகோர் டின்ல 45. அங்கேயே சுற்றுச்சூழல் துறை வச்சிருக்கிற வரம்பு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம். தம்பி 60 கிலோ, வாரத்துக்கு 42. தினம் ஒரு லைட் டின்னுன்னா வாரத்துக்கு 110-ஐத் தாண்டுது, ரெண்டரை மடங்கு. அல்பகோரா இருந்தா ஒரே டின்ல வாரக் கணக்கு முடிஞ்சிடுச்சு.

பயந்து பெட்டியோட தூக்கிப் போட்டுடாதீங்க. அந்த வரம்பை வைக்கும்போதே பத்து மடங்கு இடைவெளி விட்டுத்தான் வச்சிருக்காங்க. ஒரு மாசம் கூடுதலா சாப்பிட்டதுக்காக ஒண்ணும் ஆயிடாது. உடம்புல இருக்கிற மெத்தில் மெர்க்குரி பாதியாகக் கிட்டத்தட்ட 50 நாள் ஆகும். குறைச்சா அதுவா இறங்கும். ஆனா வருஷக்கணக்குல தினமும் போயிட்டே இருந்தா, வெளியே போறதை விட உள்ளே வர்றது ஜாஸ்தியா இருக்கும்.

எண்ணெயை வடிச்சிட்டா பாதரசம் போயிடுமான்னு கேப்பீங்க. போகாது. அது கொழுப்புல இல்லை, சதையோட புரதத்துல ஒட்டியிருக்கு. கழுவினாலும் வறுத்தாலும் அங்கேயேதான் இருக்கும். கழுவுறதால வேற ஒரு லாபம் உண்டு, உப்பு குறையும். வடிகட்டியில கொட்டி ஒரு நிமிஷம் தண்ணி விடுங்க. வீட்ல பிரஷர் இருக்கிறவங்க சாப்பிட்டா இதைச் செய்யாம விடாதீங்க. யூரிக் ஆசிட் இருக்கிறவங்க மருத்துவரைக் கேட்டுட்டுத் தொடுங்க.

மருமகப் பொண்ணுக்கு வருவோம். குடுக்கலாம். லைட் வகைன்னா ஒரு தடவைக்கு 110 கிராம், வாரத்துக்கு ரெண்டு தடவை. அல்பகோர்னா ஒரு தடவை, அந்த வாரம் வேற மீன் வேணாம். கர்ப்பமா இருக்குன்னு மீனையே நிறுத்துறதுதான் பெரிய தப்பு. குழந்தையோட மூளைக்கு ஒமேகா 3 வேணும்.

இதுல யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பாதரசத்தைப் பத்தி எல்லாரும் கேக்குறாங்க, திறந்த டின்னை என்ன பண்றீங்க? அட்டைப்பெட்டி எங்கே இருக்கு? பரண் மேலன்னா இறக்குங்க. நம்ம வேலூர்ப் பக்கம் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுது, ஷீட் கூரைக்குக் கீழே இன்னும் ஏறும். 30 டிகிரிக்குக் கீழே, காத்தோட்டமா, தரைமட்டத்துல வைங்க. திறக்கிறதுக்கு முன்னாடி மேலும் கீழும் கட்டைவிரலால அமுக்குங்க. ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் 'டொக்'குனு எழும்பினாலோ, விளிம்பு மடிப்புல நசுங்கியிருந்தாலோ, கசிஞ்சிருந்தாலோ ருசி பார்க்கக்கூட வேணாம். அப்படியே குப்பைக்கு.

திறந்ததும் மிச்சத்தை டின்லயே விடாம கண்ணாடியிலயோ எவர்சில்வர்லயோ மாத்தி, மூடி, ஃபிரிட்ஜ்ல வைங்க. மூணு நாளுக்குள்ள முடிங்க. தம்பி காலையில 7 மணிக்கு டப்பாவுல கட்டிக்கிட்டு 1 மணிக்கு சாப்பிடறானா? 32 டிகிரிக்கு மேல வெயில்னா வெளியே ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஏன் இவ்வளவு கறார்னா, சூரைச் சதையில ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலம் நிறைய இருக்கு. சூட்டுல பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிட்ட சில நிமிஷத்துலயிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள முகம் செவக்கும், தலை வலிக்கும், தடிப்பு வரும், படபடன்னு அடிக்கும். நாக்குல மிளகு மாதிரி உறைக்கும். உறைச்சா துப்பிடுங்க. சதையில தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலா இருந்தா, டின்ல அடைக்கிறதுக்கு முன்னாடியே கெட்ட மீன், அதுவும் வேணாம்.

வீட்ல யாராவது டிபி மாத்திரை, அதுல ஐசோநியாசிட் எடுக்கிறாங்கன்னா டியூனா பக்கமே போக வேணாம். ஹிஸ்டமினை உடைக்கிற நொதியை அந்த மாத்திரை தடுக்கும். சாதாரணமா தாங்கிக்கிற அளவு கூட அவங்களுக்கு முகம் செவந்து மூச்சு முட்டுற வரை போகலாம்.

இன்னொண்ணு, டின்ல கண்ணாடிச் சில்லு இருந்துச்சுன்னு சில பேர் போட்டோ அனுப்புறீங்க. பெரும்பாலும் அது கண்ணாடி இல்லை, ஸ்ட்ரூவைட். மீன்ல இருக்கிற மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோட சேர்ந்து ஆறும்போது கல்லா உறையுது. சூடான வினிகர்லயோ எலுமிச்சைச் சாறுலயோ போடுங்க. சில நிமிஷத்துல கரைஞ்சா ஸ்ட்ரூவைட், தீங்கில்லை. கரையலைன்னா எடுத்து வச்சு, கடைக்காரர்கிட்ட கேளுங்க.

அம்மா, நீங்க கேட்டிருக்க வேண்டியது மத்தியைப் பத்தி. (சிரிப்பு) தெரியும், நான் எங்கே ஆரம்பிச்சாலும் மத்தியிலதான் வந்து நிப்பேன். ஆனா பாருங்க, லைட் டியூனாவுல 100 கிராமுக்கு ஒமேகா 3 கால் கிராம் சுமார்தான். டின்ல வர்ற மத்தியில ஒரு கிராம் கிட்ட. பாதரசம் அதே அமெரிக்கச் சோதனையில ஒரு கிராமுக்கு 0.013 மைக்ரோகிராம், லைட் டியூனாவுல பத்துல ஒரு பங்கு. அந்த டின் மத்தியை முள்ளோட சாப்பிட்டா 100 கிராம்ல 380 மில்லிகிராம் கால்சியம். சின்ன மீன், சின்ன வயசு, மறுபடியும் அதேதான். தம்பிக்கு வாரம் ரெண்டு நாள் டின், ஒரு டின்ல 25-லிருந்து 30 கிராம் புரதம், நாலஞ்சு முட்டைக்குச் சமம். மத்த நாள்ல முட்டை, கோழி, கொண்டைக்கடலை, மத்தி. வேலூர் மீன் மார்க்கெட்ல மத்தி வந்திருக்கான்னு காலையிலேயே போய்ப் பாருங்க. கண்ணு குழி விழாம, வயிறு வெடிக்காம இருக்கணும். குடல் எடுக்கச் சொல்லி, ஐஸ் போட்டு வாங்கிக்கோங்க. வேலூர்ல இருந்து பேரணாம்பட்டுக்கு பஸ்ல வர்ற நேரத்துக்கு அந்த ஐஸ் வேணும்.