உங்கள் கடவுச்சொல்லைக் காப்பது ஒரு பிடி உப்புக் கடலையா?

உங்கள் பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் கடவுச்சொல்லுக்கும் உப்புக் கடலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, திரையிலேயே காட்டுகிறேன்.

முதலில் சலிப்பான பகுதியை ஓடிக் கடந்துவிடுவோம். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று குரோம் கேட்கிறது. நாம் யோசிக்காமல் அழுத்துகிறோம். அது கணினியிலேயே 'லாகின் டேட்டா' என்ற எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் போய் உட்கார்கிறது. தள முகவரி பச்சையாகவே படிக்கக் கிடைக்கும். கடவுச்சொல் மட்டும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் அதைத் திறக்கும் சாவியைக் காப்பது இயங்குதளத்தின் வேலை. அவ்வளவுதான்.

(திரையில்: லினக்ஸ் மடிக்கணினி, டெர்மினல்)

இது சோதனைக்காக நானே உருவாக்கிய கணக்கு. கடவுச்சொல் இருக்க வேண்டிய கட்டத்தைப் பாருங்கள். முதலில் 'வி10', பிறகு முழுக்கக் கிறுக்கல். பூட்டு ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை, நல்ல பூட்டுத்தான். சாவி? லினக்ஸில் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் கினோம் கீரிங் போன்ற சாவிப்பெட்டி கிடைக்காவிட்டால், தன் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு சொல்லிலிருந்து குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான நிரல்) சாவியைச் செய்துகொள்கிறது. அந்தச் சொல் 'பீநட்ஸ்'. ஆம், வேர்க்கடலை! சாவி செய்யும்போது கூடச் சேர்க்கும் சரத்தைக் குறியாக்கவியலில் 'உப்பு' என்பார்கள். இங்கே அந்த உப்பு 'சால்ட்டிசால்ட்'. உப்பான உப்பு! எழுதியவருக்கு அன்று மாலை நல்ல பசி போலிருக்கிறது.

இன்னும் இருக்கிறது, போய்விடாதீர்கள். சாவி செய்ய அந்தச் சொல்லையும் உப்பையும் எத்தனை முறை பிசைகிறோமோ, ஊகித்துத் திறக்கப் பார்ப்பவருக்கு அவ்வளவு கை வலிக்கும். மேக்கில் 1003 முறை. லினக்ஸில் ஒரே முறை. குறியாக்கத்தைத் தொடங்கும் மதிப்பு 16 வெற்றிடங்கள். ஸ்பேஸ் பாரை 16 முறை தட்டினால் முடிந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மீட்டர் பெட்டிமேல் வைப்போமே, அதே கதைதான். குரோமியம் திறந்த மூல நிரல் என்பதால் அந்த மீட்டர் பெட்டி ஊருக்கே தெரியும். நான் பொறியாளர்களைத் திட்ட மாட்டேன்: சாவிப்பெட்டியே இல்லாத கணினியில் சாவியை வேறெங்கே வைப்பார்கள்? ஆனால் 'சேமிக்கவா?' என்று கேட்கும்போது அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஃபயர்பாக்ஸ் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால் அங்கே சாவிக் கோப்பு பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது.

நிரலாளர்களுக்கு ஒன்று: குரோமை நிரல் மூலம் இயக்கும் குரோம்டிரைவர் வழியாகத் தானியங்கிச் சோதனை ஓட்டும்போது, சாவிப்பெட்டி இருந்தாலும் குரோம் அதைத் தொடாது. லினக்ஸில் கடலைதான். அந்தப் புரொஃபைலில் உங்கள் சொந்தக் கணக்கைத் திறக்காதீர்கள்.

லினக்ஸில் சாவிப்பெட்டி வேலை செய்தால், டெர்மினலில் பார்த்த அந்த முதல் எழுத்துகள் 'வி11' ஆகிவிடும். உங்களுடையது 10-ஆ, 11-ஆ? கீழே எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதுங்கள். சென்ற முறை ஒருவர் கடவுச்சொல்லையே எழுதிவிட்டார்.