வரப்புக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தாத்தாவும் பக்கத்து வயல்காரரும் பதினெட்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டார் என்பதுதான் தகராறு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் இரண்டு பேரும் மண்வெட்டியோடு ஒரே மடையில்தான் நிற்பார்கள். முறைத் தண்ணீர் ஆயிற்றே! "அடைச்சாச்சா?" என்று தாத்தா வாய்க்காலைப் பார்த்துக் கேட்பார். "ம்" என்று அவர் தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்வார். இது பேச்சுக் கணக்கில் சேராது.

ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

இது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கே உரிய வீம்பு என்று நினைத்திருந்தேன். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் மசாகி யூகியும் அவரோடு சேர்ந்தவர்களும், பிடிக்காத உறவை விட்டு விலகவும் புது உறவில் சேரவும் ஓர் இடத்தில் எவ்வளவு வழி இருக்கிறது என்பதை ஓர் ஆராய்ச்சியாகவே செய்து வருகிறார்கள். 39 சமூகங்களில் 16,000 பேருக்கு மேல் கேட்டு, 2018-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். "உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்குப் புது ஆட்களோடு பழக வாய்ப்பு உண்டா? பிடிக்காத கூட்டத்தை விட்டு அவர்களால் விலக முடியுமா?" கேள்விகள் இந்தப் போக்கில்தான். அமெரிக்காவில் விலகவும் சேரவும் வழி அதிகம். ஜப்பானில் குறைவு. நெல் விளைவித்துப் பழகிய சமூகங்களிலும் பொதுவாகக் குறைவுதான். தண்ணீரைப் பங்கிட்டுத்தானே நெல் விளைகிறது!

பழைய ஜப்பானியக் கிராமங்களில் 'முரா ஹச்சிபு' என்று ஒரு தண்டனை இருந்தது. நம் ஊர் விலக்கம் மாதிரிதான். பத்துக் காரியங்களில் எட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீடு தீப்பற்றினாலும் சாவு விழுந்தாலும் மட்டும் வருவார்கள்.

அப்படியானால் உறவைத் தேர்ந்துகொள்ள முடிந்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா? அவர்கள் நண்பர்களிடம் மனம் திறந்து பேசுகிறார்கள், கூடுதலாக உதவுகிறார்கள் என்பது அந்த ஆய்வில் தெரிகிறது. மனசு பெரிது என்று நான் சொல்ல மாட்டேன். கவனிக்காவிட்டால் நண்பன் வேறு இடம் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான். யூகி குழுவின் இன்னொரு ஆய்வு இதைவிட யோசிக்க வைத்தது. தேர்வு அதிகமாக உள்ள இடத்தில், ஒருவரின் மகிழ்ச்சி அவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்போடு இறுக்கமாகப் பின்னியிருக்கிறதாம். நாம் தேர்ந்தெடுக்கிற சந்தையில் நாமும் ஒரு சரக்குதானே. விலை போவோமா என்ற கவலை கூடவே வந்துவிடுகிறது. என் தாத்தாவுக்கு அந்தக் கவலை ஒருநாளும் இருந்ததில்லை.

விலக முடியாத இடத்துக்கு வேறு கவலை. கிளென் ஆடம்ஸ் என்ற உளவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், "உங்களுக்கு எதிரிகள் உண்டா?" என்று கேட்டுப் பார்த்தார். உண்டு என்று சொன்னவர்கள் அமெரிக்காவைவிட அங்கே மிக அதிகம். அதுவும் எதிரி எங்கோ தூரத்தில் இல்லை, நெருங்கிய வட்டத்துக்குள்ளேயே. பங்காளிச் சண்டை தெரிந்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அத்தை ஒருத்தி, தகரப் பெட்டியோடு மூன்று தடவை பிறந்த வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும், "அனுசரிச்சுப் போம்மா" என்று வண்டி கட்டித் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவரும் இதே தாத்தாதான். சீனாவின் செங்டு நகரில் 1987-இல் எடுத்த ஓர் ஆய்வில், தானே துணையைத் தேடிக்கொண்ட பெண்கள், பெற்றோர் முடித்துவைத்தவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள். நாள் ஆக ஆக ஒட்டிக்கொள்ளும் என்பார்களே, அந்த ஆய்வில் அது தெரியவில்லை. வருடங்கள் கழிந்தும் வித்தியாசம் இருந்தது. அதைப் படித்தபோது அந்தத் தகரப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

தாத்தா ஒரு தை மாத ராத்திரியில் இறந்தார். முதலில் வந்தவர் பக்கத்து வயல்காரர். திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்கு உங்க முறை தம்பி. நான் பாய்ச்சிடறேன்."