நாய்க்கும் பிளேட்லெட் இறங்குமா?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கொழும்பில் இருக்கும் நமக்கு ‘பிளேட்லெட்’ என்ற சொல்லை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,80,000க்கும் அதிகமானோரை டெங்கு பீடித்தபோது, குருதிப் பரிசோதனைத் தாளில் அந்த ஓர் எண்ணைத்தான் காலையும் மாலையும் தேடினோம். குருதிப்போக்கைத் தடுப்பது பிளேட்லெட் எனும் அந்தச் சிறுதட்டுக்களின் பாதி வேலை. மறுபாதியைப் பற்றி, ஒரு மிருக வைத்தியராக இன்று பேசுகிறேன்.

வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டி மோதிய ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். முன்னங்காலில் தோல் உரிந்து தொங்கியது. இழுத்துத் தைப்பதற்குத் தோல் போதவில்லை. புழு வைத்துவிடுமே என்ற பயத்தில் வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் வண்டி விட்டுவைத்த தசையையும் மண்ணெண்ணெய் பொசுக்கியிருந்தது. கழுவுவதும் செத்த தசையை நீக்குவதுமாகவே நான்கு நாட்கள் போயின.

அத்தகைய பெரிய புண்ணுக்குச் சிறுதட்டுக்கள் செறிந்த பிளாஸ்மா, அதாவது குருதியின் நீர்ப்பகுதி, கைகொடுக்கக்கூடும். காயத்துக்கு முதலில் ஓடிவருபவை சிறுதட்டுக்களே. குருதியை அடைத்த கையோடு, தம்முள் நுண்மணிகளாகச் சேர்த்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அவிழ்த்து விடுகின்றன. அவற்றைத் தொடர்ந்தே புதுத் தசை கட்டும் கலங்கள் வந்து சேர்கின்றன. நுண்ணிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன.

அதே விலங்கின் குருதியில் சிறிதளவை, உறையாமலிருக்கச் சித்திரேற்று இட்ட குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றுவோம். செங்குழியங்கள் அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளியும். அதன் அடிப்பகுதியில், செந்நிறத்தைத் தொடும் இடத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. 10 மில்லிலீற்றர் குருதிக்கு ஓரிரு மில்லிலீற்றர்தான் தேறும். கல்சியம் குளோரைட்டு சேர்த்தால் கூழ்போல் உறையும். அதைப் புண்ணில் பரப்பி மூடிக் கட்டுவோம். காரணிகளில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளிவந்துவிடுவதால், ஆயத்தம் செய்தவுடன் இட்டுவிட வேண்டும்.

நாமோ குருதி எடுத்துப் பார்த்துத் திகைத்தோம். நாய்க்கு 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய எண்ணிக்கை, இதற்கு 60,000. உண்ணிக் காய்ச்சல்! “நாய்க்கும் பிளேட்லெட் இறங்குமா, டொக்டர்?” என்று அந்த வீட்டு அம்மம்மா கேட்டார். இறங்கும், அம்மா. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இதைத்தான் செய்கிறது. செறிவாக்கச் சிறுதட்டே இல்லாத குருதியைச் சுழற்றி என்ன பயன்? டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து, எண்ணிக்கை ஏறும்வரை இரண்டு வாரம் காத்திருந்து, பிறகே பிளாஸ்மா இட்டோம். ஏழாம் நாள் கட்டை அவிழ்த்தபோது புண்ணின் தரை முழுவதும் செக்கச்செவேலென்று புதுத்தசை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தனையும் பிளாஸ்மாவின் வேலை என்று சொல்லமாட்டேன். காத்திருந்த நாட்களில் அந்த அம்மம்மா மழையிலும் நாள் தவறாமல் கட்டு மாற்றக் கொண்டுவந்தாரே, அதற்கும் பங்குண்டு. நாய்களிலும் குதிரைகளிலும் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் புண் விரைவாக மூடியது. வேறு சிலவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வொருவர் ஆயத்தம் செய்யும் முறையும் வேறுவேறு என்பது ஒரு காரணம். சீழ் பிடித்த புண்ணில் இதை இட்டு மூடக்கூடாது. புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் வளர்ச்சிக் காரணிகளை அங்கே கொண்டுபோகவே கூடாது.

உங்கள் நாயோ பூனையோ அடிபட்டால், மண்ணெண்ணெய் வேண்டாம், கற்பூர எண்ணெய் வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, புண்ணைத் தாராளமாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடி, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வலியில் அது உங்களைக் கடித்துவிட்டால், கடிவாயைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாயை அக்கம்பக்கத்தில் யாராவது தூக்கிக்கொண்டு வரட்டும்.