பொம்மைக்குப் பல் தேய்த்துவிடும் குழந்தை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சின்னக் குழந்தைகளுக்குத் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பழக்கங்களை விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். பாலர் வகுப்பில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தப் பேச்சை எடுத்தால் லேசில் நிறுத்தமாட்டேன் என்று வானொலி நிலையத்தாருக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "பல்லு தேய்ச்சியா?" என்று கேட்கிறோம். "தேய்ச்சுட்டேன்" என்று பதில் வருகிறது. போய்ப் பார்த்தால் பிரஷ் நனையவே இல்லை. "கை கழுவினியா?" என்றால் "ஆச்சு". விரல் நுனி மட்டும் ஈரம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பல் குழந்தையுடையதுதான், ஆனால் பல்லைப் பற்றிய கவலை முழுக்க நம்மிடம் இருக்கிறது. எப்போது தேய்க்க வேண்டும், பேஸ்ட் எவ்வளவு, போதுமா போதாதா, எல்லாம் நம் தீர்மானம். குழந்தைக்கு மிச்சம் இருக்கும் வேலை வாயைத் திறப்பது ஒன்றுதான். நம்மை அனுப்பிவிட்டு விளையாடப் போக எது சுருக்கு வழியோ, அந்தப் பதிலைச் சொல்கிறது.

விளையாட்டாகச் சொல்லிக் கொடு என்றவுடன், கசப்பு மருந்தில் தேனைக் குழைத்துக் கொடுக்கிற மாதிரி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டுப் பாடும் பிரஷ், கார்ட்டூன் படம் போட்ட சோப்பு வாங்கிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளுக்கு வேலை செய்யும். பிறகு பாட்டு பழகிப்போகும், பிரஷ் மறுபடி காய்ந்து கிடக்கும். நான் சொல்கிற விளையாட்டு வேறு. கவனிக்கப்படுகிறவர் இருக்கிற இடத்திலிருந்து குழந்தையை எழுப்பி, கவனிக்கிறவர் இடத்தில் உட்கார வைப்பது. அடுத்த சில நிமிடங்களுக்கு இதையேதான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் ஒன்றியத்தில் மனுயிலென்கோ என்ற ஆய்வாளர் 1940களில் ஒரு சோதனை செய்தார். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம், அசையாமல் நில் என்றால் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று பார்த்தார். நமக்கே தெரியும், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று. அதே குழந்தைகளை ஒரு விளையாட்டில் காவல்காரராக நிறுத்தினார். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் தங்கள் பங்கை விளையாடிக்கொண்டிருக்க, காவல்காரர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. நின்றார்கள், முன்பைவிட வெகு நேரம். நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. அசையாதே என்று பெரியவர் சொல்வது வெளியே இருந்து வரும் கட்டளை. காவல்காரர் அசையமாட்டார் என்பது அந்தக் குழந்தையே ஏற்றுக்கொண்ட பதவி. வேலை ஒன்றுதான், செய்கிற ஆள் வேறு ஆகிவிடுகிறார்.

இதை அப்படியே குளியலறைக்குக் கொண்டு வாருங்கள். பொம்மை ஒன்று, கழுவினால் கெடாததாக இருந்தால் போதும். அதற்கென்று தனியாக ஒரு பிரஷ். "இன்னைக்கு நீங்கதான் பல் டாக்டர். இவருக்குப் பின்னாடி பல்லு வலிக்குதாம், பாருங்க" என்று ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். டாக்டரிடம் சும்மா ஆலோசனை சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்குக் கோபம் வரும். பொம்மைக்கு முடிந்ததும் உங்கள் பிரஷை அவர் கையில் கொடுத்து நீங்கள் வாயைத் திறந்து உட்காருங்கள். ஆமாம், பெரியவர்களுக்குத்தான் சொல்கிறேன். அதில் உங்களுக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. குழந்தை உங்கள் தாடையை எப்படிப் பிடிக்கிறதோ, எந்தக் குரலில் "ஆன்னு காட்டு, நேரமாச்சு" என்று அதட்டுகிறதோ, அப்படித்தான் நீங்கள் அதற்குத் தேய்த்துவிடுகிறீர்கள். அந்த விளையாட்டைப் பார்த்த பிறகு கையை மெதுவாக்கிக்கொண்ட அப்பாக்கள் உண்டு.

மூன்றாவதாகத்தான் குழந்தையின் சொந்தப் பல். அதற்குள் அது டாக்டர் பதவியில் ஊறியிருக்கும். தன் வாயையும் ஒரு நோயாளியின் வாயாகப் பார்க்கத் தொடங்கும். கண்ணாடி முன்னால் நின்று, தனக்குத்தானே "இன்னும் கொஞ்சம் திறங்க" என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். பின்வரிசை வரை பிரஷைத் திருப்பிக் கொண்டுபோகும் விரல் பழக்கம் அந்த வயதுக்கு முன் வருவதில்லை. "தலைமை டாக்டர் வந்திருக்கேன், சரிபார்க்கலாமா?" என்று அதையும் விளையாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பேஸ்ட், மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்குவது விளம்பரத்துக்குத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்கெல்லாம் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், அதுவும் பால்பல்தான், சொத்தையானால் விழுந்து வேறு முளைக்கும் என்று விட்டுவிடுகிறோம். அது நிலைப்பல், போனால் போனதுதான். அந்த வயதில் பொம்மைக்கும் "பின்னாடி ஒரு புதுப் பல்லு வந்திருக்கு, அவருக்குக் கூச்சம், ஒளிஞ்சிக்கிட்டிருக்காரு" என்று ஒரு கதை கட்டுங்கள். தேடிக் கண்டுபிடித்துத் தேய்ப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம், எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். ஒருநாள் அங்கே, மூக்கைச் சிந்துவது எப்படி என்று ஒரு பாடம் நடத்தினார். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தொடங்கினார். கைக்குட்டையை இப்படியும் பிடிக்கலாம், அப்படியும் பிடிக்கலாம் என்று காட்டினார். கடைசியில், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாதபடி கைக்குட்டையை எடுத்து, சத்தமே இல்லாமல் மூக்கைச் சிந்திக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் நாடகம் பார்த்தவர்களைப் போலக் கைதட்டினார்கள். அவர் கிளம்பும்போது பின்னாலேயே வந்து பாடத்துக்கு நன்றி, நன்றி என்று கத்தினார்களாம்.

மூக்குச் சிந்தக் கற்றுக்கொண்டதற்கா இவ்வளவு? அவருக்கும் அதே ஆச்சரியம்தான். யோசித்துப் பார்த்து ஒரு காரணம் சொன்னார். அந்தப் பிள்ளைகள் தங்கள் மூக்குக்காக எந்நேரமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் அவமானப்படுத்தினார்கள், எப்படிச் செய்வது என்று நிதானமாக ஒருவரும் காட்டியதில்லை. நாமும் அதைத்தானே செய்கிறோம்? "சீ, மூக்கைப் பாரு" என்று நாமே துடைத்துவிட்டுவிடுகிறோம். மூக்கைச் சிந்துவது ஒரு கைத்திறன் நேயர்களே. பல பிள்ளைகளுக்கு மூக்கால் காற்றை உள்ளே இழுக்கத்தான் தெரியும், வெளியே தள்ளத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு, மேஜைமேல் வைத்த பஞ்சுத் துணுக்கை மூக்குக் காற்றால் நகர்த்தும் பந்தயம் வையுங்கள். சளி இல்லாத நாளில் வையுங்கள், அது முக்கியம். பிறகு ஒரு பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு மறுபக்கத்தால் ஊதச் சொல்லுங்கள். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு, ஜலதோஷம் வந்தால் கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

கை கழுவுவதற்கு வருவோம். சோப்புப் போட்டு இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கே விட்டுப்போகிறது என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் கரையும் வண்ணத்தை இரண்டு கையிலும் பூசி, கண்ணை மூடிக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்தால் கட்டைவிரலிலும், விரல் இடுக்கிலும், நகத்தடியிலும் வண்ணம் மிச்சம் இருக்கும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, குழந்தையே மறுபடி குழாயடிக்குப் போகும். நீங்களும் கூடவே பூசிக்கொள்ளுங்கள், உங்கள் கட்டைவிரலிலும் இருக்கும்.

இன்னொரு விளையாட்டு எல்லோரும் செய்கிறார்கள். தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு விரலை வைத்தால் தூள் விலகி ஓடும். பார்க்க அழகுதான். ஆனால் கிருமி சோப்பைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது, தொட்டாலே போதும் என்று தேய்க்காமல் விட்டுவிடுகிறது. சோப்பு, கையில் ஒட்டியிருக்கும் பிசுக்கைப் பிடித்து இளக்குகிறது. தேய்த்தால்தான் இளகும், தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போகும். அதைவிட எனக்குப் பிடிக்காதது, கொம்பும் கோரைப்பல்லும் வைத்த கிருமி ராட்சசன் படம். பயத்தில் கழுவுகிற குழந்தை, ஒன்று இரவில் அழும், இல்லையென்றால் ராட்சசன் வரவே இல்லை என்று கண்டுபிடித்துக் கழுவுவதையே விட்டுவிடும்.

நட்சத்திர அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. பல் தேய்த்தால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு என்று ஒட்டி வைக்கிறோம். அமெரிக்காவில் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு, யாரும் எதுவும் தராத நேரத்தில் கவனித்தால், அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். பிடிக்காத வேலையைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் விளையாட்டில் ஆசையாகத் தேய்க்கிற குழந்தைக்கு நட்சத்திரம் ஒட்டாதீர்கள். ஒட்டினால் டாக்டர் சம்பளக்காரர் ஆகிவிடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையைக் காட்டிவிட்டார், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். தூக்கத்தைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் தேவை. இங்கேயும் அதே பொம்மைதான். தான் படுப்பதற்கு முன் பொம்மைக்கு முகம் துடைத்து, பல் தேய்த்து, சிறுநீர் கழிக்க வைத்து, விளக்கை அணைத்துப் படுக்க வைக்கட்டும். வரிசை மட்டும் தினமும் மாறாமல் இருக்கட்டும். விளையாட்டு மும்முரத்தில் பகலில் சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதே வழி. "உனக்கு வருதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "பொம்மைக்கு அவசரமாம், கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், போன இடத்தில் தங்கள் வேலையையும் முடித்துக்கொண்டு வருவார்கள். நகம் வெட்டுவது பற்றிச் சொல்ல நேரமில்லை. பொம்மையின் பிரஷும் குழந்தையின் பிரஷும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டாம், மாறிப்போகும். வணக்கம்.