சாம்பாரில் கலக்கும் மருந்து

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"குடியை நிறுத்தும் பொடி, குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவர் சொல்லமாட்டார். சிலர் மருந்துக்கடையில் டைசல்ஃபிரம் மாத்திரையையே வாங்கி நுணுக்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்கென்று கண்டறிந்த மருந்து அது. நல்ல மருந்துதான். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை மேற்கொண்டு உடைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும். அதன்மேல் ஒரு குவார்ட்டர் போனால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தே போகலாம். தெரிந்து விழுங்குகிறவர் அந்தப் பயத்தில் கடைப்பக்கம் போகமாட்டார். மருந்தின் வேலையே அதுதான். தெரியாமல் சாப்பிட்டவரை எது தடுக்கும்? வழக்கம்போலப் போய்க் குடிப்பார்.

அடுத்தது, கோயிலில் கயிறு கட்டுவது. கயிற்றை நான் குறை சொல்லமாட்டேன். கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் விடிந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவரை, டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். சாராயம் இத்தனை வருஷம் அமுக்கி வைத்திருந்த மூளை, அது இல்லையென்றதும் எகிறும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் என்று கோடாங்கியிடம் ஓடுகிறோம்! அது உயிரையே எடுக்கும் நிலை. ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துக் கவனித்தால், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடுவார்.

தெளிந்தபிறகுதான் பெரிய வேலை. சம்பள நாள், கல்யாண வீடு, பழைய சேக்காளி எல்லாவற்றையும் தாண்டவேண்டும். தனியாக முடியாது. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன, கட்டணமில்லை. குடியை விட்டவர் சொன்னால், நாம் சொல்வதைவிட அவர் காதில் ஏறும்.

மறுபடி குடித்துவிட்டு வந்தால்? பலர் வருகிறார்கள். அன்று ராத்திரி சண்டையும் வேண்டாம், சத்தியமும் வாங்காதீர்கள்; காலையில் அவருக்கு நினைவிருக்காது. விடிந்தபின் பேசி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அடிக்கிறவராக இருந்தால் இந்தப் பொறுமையெல்லாம் உங்கள் கடமையல்ல. பிள்ளைகளோடு வெளியேறி, பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, காசு கிடையாது. அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் நீங்களே பேசலாம்.