உண்டியலால் கிழிக்க முடியாத பத்திரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலகத்து ஏழைகளுக்கு உதவ, திருச்சபை தன் உண்டியலை நம்ப வேண்டுமா, அரசின் கஜானாவைத் தட்ட வேண்டுமா என்பது தலைப்பு. தட்டத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய நண்பர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியரைக் காப்பாற்றுகிறாரே, அவரைக் காட்டி, "நல்ல சமாரியர் தன் மடியிலிருந்து காசு எடுத்தார், ரோம ஆளுநர் பிலாத்துவிடம் மனு கொடுக்கவில்லை" என்றார். நானும்தான் கைதட்டினேன். ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டாரே! அடிபட்டவரைச் சமாரியர் சாவடிக்குத்தான் கொண்டுபோகிறார். மறுநாள் இரண்டு தெனாரியம் வெள்ளிக்காசைச் சாவடிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். வழியில் சாவடியே இல்லையென்றால் அந்தக் காசை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் அங்கே பல கத்தோலிக்க வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ரைஸ் பௌல் என்று பெயர். இறைச்சியை விட்டு மிச்சம் பிடித்த காசு அதற்குள் விழும். 1975இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் தொடங்கிய வழக்கம். ஆகவே, தன் கையை மடக்கிக்கொண்டு அடுத்தவர் பையைப் பார்க்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தப் பெட்டியால் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது: கடன். 1990களில் பல ஏழை நாடுகள், பள்ளிக்கும் மருந்துக்கும் போக வேண்டிய பணத்தை வட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தன. கடன் கொடுத்தவர்கள் பணக்கார அரசுகள், உலக வங்கி, பன்னாட்டு நிதியமான ஐ.எம்.எஃப். எத்தனை லட்சம் பெட்டிகளைக் கொட்டினாலும் அது ஆனைப் பசிக்குச் சோளப்பொறி. கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் அதைக் கிழிக்க வேண்டும். திருச்சபை புனித ஆண்டாகக் கொண்டாடிய 2000ஆம் யூபிலி ஆண்டை முன்னிட்டு அந்தக் கடன்களைக் குறைக்கச் சொன்னார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1998இல் உகாண்டாவுக்கு முதல் தவணையாகக் கடன் குறைந்தது. மிச்சமான பணத்தை அந்த நாடு தனி நிதியாக ஒதுக்கி, அதில் பெரும்பங்கைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. முந்தின ஆண்டுதான் பள்ளிக் கட்டணத்தை நீக்கியிருந்தார்கள், வகுப்பில் உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் குவிந்திருந்த நேரம் அது. அமெரிக்க ஆயர்களும், அதாவது கத்தோலிக்க பிஷப்புகளும், மற்ற சபையினரும் விடாமல் தங்கள் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2000இல் கடன் நிவாரணத்துக்கு 43.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

"ஆயர்கள் கேட்பது தங்கள் நிறுவனத்துக்காகத்தானே?" என்றும் ஒரு குத்தல் வந்தது. உண்மையை மறைக்க மாட்டேன். கத்தோலிக்க துயர்துடைப்புப் பணி நிறுவனமான சி.ஆர்.எஸ்.ஸின் சுமார் 150 கோடி டாலர் பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அரசு உதவியாக வந்தது. 2025இல் அரசு குழாயை மூடியதும் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. ஆனால் கடன் நிவாரணத்தில் திருச்சபைக்கு என்ன லாபம்? அந்த டாலர் எதுவும் அவர்கள் கைக்கு வரவில்லை. அதையும்தானே கேட்டார்கள்?

அப்புறம், "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்றார் நண்பர். இதையே 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் வேறு விதமாகச் சொன்னார்: முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், ஊர், நாடு, கடைசியில் உலகம். அவரும் கத்தோலிக்கர்தான். அடுத்த மாதமே திருத்தந்தை பிரான்சிஸ், குடியேறிகளைப் பற்றி அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய மடலில், அன்பின் உண்மையான வரிசையை நல்ல சமாரியர் உவமையில் தேடச் சொன்னார். வரிசையை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டு உதவிக்கு அமெரிக்க மத்திய அரசு செலவழித்தது நூறு டாலரில் ஏறக்குறைய ஒரு டாலர். தொண்ணூற்றொன்பது கையில் இருக்கும்போது, மிஞ்சவில்லை என்றால் எப்படி?

"அடுத்தவன் வரிப்பணத்தில் புண்ணியமா?" என்பது நண்பரின் கடைசி அம்பு. நடுவர் கை மணிக்குப் போய்விட்டது, ஒரே நிமிடம். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில், வளர்ச்சிப் பணியை அரசு விரிவாக்க நீ கூடுதல் வரி கட்டத் தயாரா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அடுத்தவனை அல்ல, படிக்கிறவனை. எதிரணியில் அடுத்து வருகிறவர் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும். நன்றி, வணக்கம்.