இரவில் கூடும் அரிப்பு: ஒருவருக்கு மட்டும் மருந்து தடவினால் போதுமா?

வணக்கம். ஏற்காட்டுக்கு அருகிலுள்ள ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று முதலில் எடுத்துக்கொள்கிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அவருக்கு இரண்டு மாதங்களாக உடம்பில் சிறு சிறு பொரிகளும், இரவில் தூங்க விடாத அரிப்பும் இருக்கின்றன. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் சில நாள் அடங்குகிறது; நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகக் கிளம்புகிறது. கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தும் பயனில்லை. இப்போது ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் மாமியாருக்கும் அரிப்பு தொடங்கிவிட்டது. விடுமுறைக்கு வந்திருக்கும் மூத்த மகளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அவள் பள்ளி விடுதிக்குத் திரும்ப வேண்டும். இது தோட்டத்து ஒவ்வாமையா, புதுக் கொலுசாலா, சாப்பாட்டாலா என்று கேட்கிறார்.

சகோதரி, தோலை நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள், அதாவது இரவில் அரிப்பு கூடுவதும், ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூவருக்கு வந்திருப்பதும், ஸ்கேபீஸ் என்று நாங்கள் சொல்லும் சொறி சிரங்கைத்தான் முதலில் நினைக்க வைக்கின்றன. தோலுக்குள் குடைந்து வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உண்ணியால் வரும் தொற்று இது. ஒவ்வாமை ஒருவருடைய உடம்பின் இயல்பைப் பொறுத்தது. மருமகளிடமிருந்து மாமியாருக்குத் தொற்றாது.

உங்கள் சந்தேகங்களையும் தள்ளிவிட முடியாது. காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரம் சிலருக்கு உண்மையிலேயே தோல் அழற்சியை உண்டாக்கும், பார்த்தீனியமும் அப்படியே. ஆனால் அவை முகம், கண்ணிமை, கழுத்து, முன்கை என்று துணி மூடாத இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும்; வேலைக்குப் போகாத நாட்களில் கொஞ்சமாவது தணியும். கொலுசால் வருவதென்றால், அதில் கலந்துள்ள நிக்கல் போன்ற உலோகம் கணுக்காலைச் சுற்றி, கொலுசு படும் இடத்தில்தான் முதலில் தடம் காட்டும். உணவு ஒவ்வாமையில் வருவது காணாக்கடி போன்ற தடிப்பு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் அது மறைந்து, வேறிடத்தில் எழும். உங்கள் பொரிகள் நாட்கணக்கில் அதே இடத்தில் இருக்கின்றன என்றால், கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். காலை வெளிச்சத்தில் விரல் இடுக்குகளையும் மணிக்கட்டின் உட்புறத்தையும் உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், சில மில்லிமீட்டர் நீளத்தில், நூலிழை போல வளைந்து செல்லும் ஒரு கோடும், அதன் நுனியில் ஊசிமுனை அளவு நீர்க்கொப்புளமும் தெரிகின்றனவா? அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, ஈரப்பஞ்சால் துடைத்தால், சுற்றியுள்ள மை போய்விடும்; கோட்டுக்குள் இறங்கிய மை மட்டும் நிற்கும். பெண் உண்ணி முட்டையிடுவதற்காகத் தோலின் மேலடுக்கில் குடைந்த பாதை அது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த உண்ணிகள் ஒருவர் உடம்பில் வழக்கமாகப் பத்துப் பதினைந்துக்கு மேல் இருப்பதில்லை. அவற்றின் மீது உடம்பு காட்டும் எதிர்ப்பே இவ்வளவு அரிப்புக்கும் காரணம். அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் இருக்கலாம். கோடு கண்ணில் படவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். சொறிந்து சொறிந்து அது அழிந்திருக்கும்.

களிம்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. அந்த டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. அது அரிப்பை அமுக்கும், உண்ணியைக் கொல்லாது. படர்தாமரையாக இருந்தால் பூஞ்சையை வளர்த்தே விடும். வட்டமான அதன் விளிம்பும் கலைந்து, பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் பிடிபடாமல் போகும். சேலத்துக்கு எங்களிடம் வருகிறவர்களில் பலர் இப்படி முகம் மாறிப்போன நோயோடுதான் வருகிறார்கள். நீங்கள் தடவிய எல்லா டியூப்களையும், காலியானவை உட்பட, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

சிரங்கு என்று உறுதியானால் வழக்கமான மருந்து 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். மருந்தைவிட, தடவும் முறையில்தான் பெரும்பாலான வீடுகளில் பிழை நடக்கிறது. அரிக்கும் இடத்தில் மட்டும் தடவக் கூடாது. இரவில், ஈரமில்லாத தோலில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண், விரல் இடுக்கு, முதுகு, மறைவிடம் எதையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ 30 கிராம் தேவைப்படும். சிறு குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் கண், வாயைத் தவிர்த்து முகத்திலும் தலையிலும் தடவச் சொல்வோம். குழந்தை விரல் சூப்பும் என்பதால் கையில் காலுறையை மாட்டிவிடுங்கள். ஏழு நாள் கழித்து இதை இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவை அப்போதுதான் ஒழியும். ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. உடல் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. பினாயில், மண்ணெண்ணெய் எதையும் தோலில் ஊற்றாதீர்கள்.

அதே இரவில் வீட்டிலுள்ள அனைவரும் தடவ வேண்டும். மலையில் குளிருக்கு ஒரே கம்பளிக்குள் படுக்கும் குடும்பத்தில் ஒருவர் விட்டுப்போனாலும் சில வாரங்களில் எல்லோருக்கும் திரும்பும். கடந்த மூன்று நாட்களில் பயன்படுத்திய துணி, போர்வை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும்; மனித உடம்பை விட்டால் அந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழ்வது அரிது. குளிக்காததால் வந்தது என்று யாராவது பேசினால் தலைகுனிய வேண்டாம். நெருங்கி வாழும் எவருக்கும் இது வரும். உலக சுகாதார நிறுவனமே 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு மிச்சமிருக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துத் தினமும் க்ரீம் தடவினால் தோல் எரிந்து புதிய அரிப்பு வரும். ஆனால் பொரிகளில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. குறிப்பாக, சீழ் வைத்த சிரங்குக்குப் பிறகு குழந்தையின் முகம் வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறி. அன்றே ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ, கீழே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வந்துவிடுங்கள்.

மூத்த மகளுக்கு அரிப்பு இல்லையே என்கிறீர்கள். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள்ளேயே அவளிடமிருந்து பிறருக்குப் பரவ முடியும். ஆகவே அவளும் உங்களோடு சேர்ந்து தடவட்டும். முதல் முறை தடவிக் குளித்த மறுநாளே பள்ளிக்குப் போகலாம், தடையில்லை. இரண்டாம் முறைக்கான டியூபைப் பெட்டியில் வைத்து அனுப்பி, விடுதிக் காப்பாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளில் யாருக்காவது ஏற்கெனவே அரிப்பு இருக்கிறதா என்று அவர்களும் பார்க்க வேண்டும்.